பழமலைக்கு எத்தனை நட்சத்திரம்?

பழமலை எனப்படும் விருத்தாசலத்தைப் பற்றிப் பயணப் பிரியர்களிடம் இரண்டே கட்சி. "வெயிலும் பீங்கானும் தவிர வேறென்ன இருக்கு?" என்பது ஒன்று. "அடடா, ஒவ்வொரு கல்லும் பேசுது!" என்பது மற்றது. விசாரித்தால், இரு கட்சியும் அந்த ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியதே இல்லை.

குறை சொன்னதில் முன்னோடி சுந்தரர். ஊரும் பழசு, சாமியும் பழசு, அம்மனும் கிழவி என்று பாடாமலே நடையைக் கட்டினாராம். சிவனார் மறுப்பு அறிக்கை விடவில்லை. முருகனை வேடனாக அனுப்பி வழிப்பறி செய்யவைத்தார் என்கிறது தலக்கதை. பாட்டு வந்தது, 12,000 பொன்னும் கிடைத்தது. அதை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்து உரசிப் பார்த்தவர், அங்கேயும் மாற்றுக் குறைகிறது என்றாராம்!

புகழ்ச்சிக் கட்சிக்கு உரசும் வேலையே கிடையாது. கோபுரம் 5, கொடிமரம் 5, நந்தி 5 என்றிருக்கும் இவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு வாசலோடு 5 நட்சத்திரம் கொடுத்துவிடுவார்கள். உள்ளே ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படியிறங்க வேண்டும். இவர்கள் பரவசமோ தரைமட்டத்திலேயே முடிந்துவிடும்.

சுந்தரரை வழிமறித்த அந்த வேடன்தான் பக்கத்து மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பராக இருக்கிறார். குறையைப் பெயர், ஊரோடு எழுதி அவரிடம் பிராது கட்டலாம். தீர்ந்ததும் நேரில் வந்து வாபஸ் வாங்க வேண்டும். இந்த விதியைப் பயணிகளுக்கும் நீட்டித்தால், பாதிப் பேர் வாயே திறக்கமாட்டார்கள்.