அறுநூறு மில்லிமீட்டர் சாகசக்காரர்

'சுற்றுலாப் பயணி' என்று அழைத்தால் மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுற்றுலாப் பயணிகள் உண்டு. அந்த இனத்தின் முற்றிய வடிவத்தைக் காண வேண்டுமானால், கோடைகாலத்தில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போக வேண்டும். அங்கே 78ஆம் அட்சரேகையில் இருக்கும் லாங்யர்பியன் துறைமுகத்தில் அவர் கப்பலேறுவார். கம்பெனி கொடுத்த சிவப்பு ஜாக்கெட்டை மாட்டிய கணத்தில் அவர் துருவ ஆய்வாளர் ஆகிவிடுகிறார். 1897இல் ஆந்த்ரே என்ற ஸ்வீடன்காரர் இதே தீவுகளிலிருந்துதான் துருவத்தை நோக்கிப் பலூனில் கிளம்பினார். அவரும் இரண்டு தோழர்களும் திரும்பவே இல்லை. உடல்கள் கண்டெடுக்கப்பட்டது 1930இல்தான். மாலை விரிவுரையில் இதைக் கேட்டு நம் ஆய்வாளர் கண் கலங்குவார். கலங்கிய கண்ணோடேயே இரண்டாவது முறை இனிப்பு எடுத்துக்கொள்ளப் போவார்.

அவருடைய வீரத்துக்கு முதல் சோதனை பனியில் வராது, கப்பலுக்குள்ளேயே வரும். வெளியூர் விதை ஒன்றுகூடத் துருவ மண்ணில் விழக் கூடாது என்பதால், ஜாக்கெட்டின் ஒட்டுப்பட்டையில் சிக்கிய புல்விதைகளை அவரே குனிந்து உட்கார்ந்து பொறுக்க வேண்டும். பிறகு பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்க வேண்டும். வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாதவர், இங்கே பேன் பார்க்கும் பாட்டியைப் போல மும்முரமாக விதை தேடுவார். ரப்பர் படகில் கரைக்குப் போனால், முன்னும் பின்னும் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் நடப்பார்கள். எங்கே நிற்கலாம், எப்போது திரும்பலாம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். கடைசியில் கரடி தென்படும். தொலைவில் பனிமேல் மஞ்சளோடிய ஒரு புள்ளி. அது பாறை என்று பாதிப் பேர் சொல்வார்கள். பாறை அசைந்துவிட்டது என்று மீதிப் பேர் சொல்வார்கள். நம்மவர் கையில் இருக்கும் 600 மில்லிமீட்டர் லென்ஸ் அந்தப் புள்ளியைக் கொஞ்சம் பெரிய புள்ளியாக்கித் தரும்.

இத்தனை பணம் கட்டிப் புள்ளியையா பார்ப்பது என்று அவர் முணுமுணுப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் ஏமாந்து நிற்பதில்தான் இந்தப் பயணத்தின் நன்மையே இருக்கிறது. 2025 ஜனவரி முதல் ஸ்வால்பார்டில் துருவக்கரடியிடமிருந்து 300 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடியும்வரை 500 மீட்டர். காப்புப் பகுதிகளுக்குள் செல்லும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் கூடாது. அங்கே கரையிறங்க 43 இடங்கள் மட்டுமே. வசந்தம்தான் தாய்க்கரடி குட்டிகளோடு குகையை விட்டு வெளியே வரும் பருவம். சீல் வேட்டையில் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும் பருவமும் அதுவே. படத்துக்காக நாம் நெருங்க, கரடி எழுந்து விலகி நடந்தால், நஷ்டம் அதன் வயிற்றுக்கு.

'நேரில் பார்த்தால்தானே காப்பாற்றத் தோன்றும்?' என்று அவர் மடக்குவார். வரலாறு அவர் பக்கம் இல்லை. முன்பு இதே தீவுகளுக்குக் கரடியைச் சுட்டுத் தோலோடு ஊர் திரும்பவென்றே கப்பலேறி வந்த பயணிகள் இருந்தார்கள். அவர்களும் நேரில், அதுவும் மிக அருகில், பார்த்தவர்கள்தான். ஸ்வால்பார்டில் வால்ரஸைக் காப்பாற்றியது 1952ஆம் ஆண்டுச் சட்டம். பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோதும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் உள்பட ஐந்து நாடுகள் துருவக்கரடிக்காக 1973இல் ஆஸ்லோவில் உடன்படிக்கை செய்தன. யாருடைய ஆல்பத்தையும் பார்த்துவிட்டு அவர்கள் கையெழுத்திடவில்லை. இன்று கரடிக்குப் பெரிய ஆபத்து துப்பாக்கி அல்ல, உருகும் கடற்பனி. அதை உருக்கும் புகையில் நம் ஆய்வாளரின் விமானத்துக்கும் கப்பலுக்கும் பங்கு உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

'அப்படியானால் யாருமே போகக் கூடாதா? நிலக்கரி தோண்டுவதைவிட இது மேலல்லவா?' என்பது அடுத்த கேள்வி. மேல்தான், மறுக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பிறந்த லாங்யர்பியன் இன்று பெரிதும் விருந்தாளிகளை நம்பித்தான் பிழைக்கிறது. 'இடங்களைக் குறைத்தால் கூட்டம் அங்கேயே குவியுமே' என்று கப்பல்காரர்கள் கேட்பதிலும் பொருள் இருக்கிறது. ஆனால் தெரிந்த 43 இடங்களில் மண் தேய்ந்தால் கண்காணிக்கலாம். தீவெங்கும் தேய்ந்தால் யார் போய்ப் பார்ப்பது? ஆகவே அவர் போகட்டும், விதியோடு போகட்டும். வேட்டைக்காரரின் ஆசையும் இவருடைய ஆசையும் ஒன்றேதான்: கரடியைத் தனதாக்கி ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டுவது. மனம் மாறவில்லை, விதி மாறியிருக்கிறது; கரடிக்கு அது போதும். அவர் படம் எவ்வளவு மங்கலோ, கரடிக்கு அன்றைய பொழுது அவ்வளவு நிம்மதி. எனவே அவர் போனை நீட்டி, 'இதோ, இந்தப் புள்ளி' என்று காட்டும்போது, பாறையா என்று கேட்டுவிடாதீர்கள். 'அடேயப்பா' என்று வாய் பிளப்பதுதான் துருவக்கரடிக்கு நம்மாலான தொண்டு.