குலுக்கையை நிரப்பு, குடத்தை மூடு: அண்ணாச்சி பதில்கள்

கே: அரிசி சேர், தண்ணீர் சேர் என்கிறீர்களே அண்ணாச்சி, கடையநல்லூரில் என்ன போரா நடக்கிறது?
(வாசகர், மேலக்கடையநல்லூர்)

ப: 2023 டிசம்பர் 17 காலையில் காயல்பட்டினத்திலும் போர் நடக்கவில்லை. மறுநாள் காலை எட்டரைக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுக்கச் சராசரியாகப் பெறும் மழையைவிட அது அதிகம். எதிரி யாரும் இல்லாமலே ஊர் முற்றுகைக்குள் போய்விட்டது.

கே: எத்தனை நாளுக்கு இருப்பு வைக்கலாம்?
(வாசகி, இடைகால்)

ப: மூன்று நாள் கட்டாயம். ஏழு நாள் நிம்மதி. ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் தன் மக்களுக்குச் சொன்ன கணக்கும் 72 மணி நேரம்தான். நம் ஆச்சிமார் ஓராண்டு நெல்லைக் குலுக்கையில் கொட்டி வைத்த காலத்தில் பிரஸ்ஸல்ஸிலிருந்து யாரும் கடிதம் போடவில்லை.

கே: நாலு பேர் இருக்கிற வீடு. குடிக்க, சமைக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்?
(குடும்பத் தலைவி, கிருஷ்ணாபுரம்)

ப: ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். நாலு பேருக்கு மூன்று நாள் என்றால் 48 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு, பக்கத்தில் ஒரு குடம். கணக்கு முடிந்தது. குளிப்பதைப் பற்றிக் கேட்காதீர்கள். மூன்று நாள் குளிக்காமல் யாரும் செத்ததில்லை, பக்கத்தில் இருப்பவர்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: எங்கள் வீட்டில் போர்வெல் இருக்கிறது. எனக்கு எதற்குக் குடம்?
(வாசகர், புளியங்குடி)

ப: மோட்டாருக்கு எதற்குக் கரண்டு? 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. காலுக்குக் கீழே தண்ணீர் கிடந்தது. அதை மேலே ஏற்ற ஜெனரேட்டரை மணிக்கணக்குக்கு வாடகை பேசினார்கள். உங்கள் தெருவில் பழைய அடிபம்பு இருந்தால் இந்த வாரமே பழுது பாருங்கள். கரண்டு பில் கேட்காத ஒரே மோட்டார் அதுதான்.

கே: 2012 ஞாபகம் இருக்கிறதா அண்ணாச்சி?
(கையெழுத்தில்லாத கடிதம், கடையநல்லூர்)

ப: மறக்கிற ஆண்டா அது? டெங்கு உங்கள் ஊரைப் புரட்டிப் போட்டது. காய்ச்சலில் விழாத ஆள் உள்ள தெருவைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு; அரசுக் கணக்குப்படி 66 பேர் இறந்தார்கள்.

குழாயில் அடுத்த முறை எப்போது வருமோ என்று அண்டா, டிரம், சிமெண்டுத் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைப்பது நம் ஊர்களின் வழக்கம். பிடித்து வைத்தது தப்பில்லை, திறந்து வைத்ததுதான் தப்பு. டெங்குக் கொசு சாக்கடை தேடாது. நீங்கள் குழந்தைக்கு எடுத்து வைத்த நல்ல தண்ணீரைத்தான் தேடும். இந்தப் பகுதியில் தண்ணீர் சேமிப்பைப் பற்றிப் பேசுகிற எவரும் முதல் வரியில் மூடியைப் பற்றிப் பேச வேண்டும்.

கே: டிரம்முக்கு மூடி உண்டு. ஒரு ஓரம் மட்டும் உடைந்திருக்கிறது. பரவாயில்லையா?
(வாசகர், அச்சன்புதூர்)

ப: கொசு கேட்டது வாசல், நீங்கள் கொடுத்திருப்பது வாசலும் திண்ணையும். பழைய வேட்டியை நாலாக மடித்து வாயில் போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். செலவு இல்லை.

கே: வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தண்ணீர் வீணாகாதா?
(வாசகி, சொக்கம்பட்டி)

ப: கொட்டச் சொல்லவில்லை, செலவழிக்கச் சொல்கிறார்கள். துணிக்கு, செடிக்கு, கழிவறைக்கு. காலியானதும் உள்சுவரைத் தேங்காய் நாரால் தேயுங்கள். அங்கேதான் சூட்சுமம். கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில். தொட்டி காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். தண்ணீர் தொட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு தேய்ப்பு.

கே: தொட்டியில் மருந்து ஊற்ற வருகிறவரை என் மாமியார் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறார். நிலவேம்புக் குடிநீர் போதும் என்கிறார்.
(மருமகள், கடையநல்லூர்)

ப: நிலவேம்பு போவது மாமியாரின் வயிற்றுக்குள். கொசுப்புழு இருப்பது தொட்டிக்குள். இரண்டும் சந்திக்கவே போவதில்லை. வருகிறவர் ஊற்றுவது டெமிபாஸ் மருந்து. உரிய அளவில் குடிநீர்த் தொட்டியிலும் ஊற்ற உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்குகிற அவருக்கு ஒரு டம்ளர் மோரும் கொடுங்கள்.

கே: வெள்ளத் தண்ணீரில் படிகாரம் போட்டால் குடிக்கலாமா? தேத்தாங்கொட்டை?
(கல்லூரி மாணவர், தென்காசி)

ப: இரண்டும் கலங்கலைத் தெளிய வைக்கும். கிருமிகளைத் தீர்த்துக்கட்டாது. தெளிந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்தபின் முழு ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள். அடுப்பு இல்லையென்றால் குளோரின் மாத்திரை, அட்டையில் எழுதியிருக்கும் அளவில். ‘பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கே’ என்று குடித்தவர்களைத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதிகம் பார்க்கலாம்.

கே: அரிசி எத்தனை நாள் தாங்கும்?
(வாசகர், சங்கரன்கோவில்)

ப: சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரிந்தது. 3,200 ஆண்டு இருந்திருக்கிறது. உலை வைக்கத்தான் முடியாது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். ஈரமில்லாத புழுங்கலரிசி, காற்றுப் புகாத டப்பாவில் ஓராண்டு நிற்கும். கைக்குத்தல் அரிசி நிற்காது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். கேழ்வரகைக் காய வைத்துக் கட்டினால் ஆண்டுக்கணக்கில் அசையாது. உடம்புக்கு நல்லது என்று கைக்குத்தலை மூட்டை மூட்டையாக அடுக்குகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

கே: வண்டு வருகிறதே?
(வாசகி, வாசுதேவநல்லூர்)

ப: வசம்பு, வேப்பிலை, வற்றல் மிளகாய். துவரைக்குச் செம்மண் கட்டுங்கள். எல்லாவற்றையும்விட உறுதியான மருந்து ஒன்று உண்டு: பழையதை முன்னே வை, புதியதைப் பின்னே வை, முன்னே இருப்பதைத் தின்று தீர். தின்னாமல் காப்பாற்றுகிற அரிசி கடைசியில் வண்டுக்குத்தான் விருந்து.

கே: கோபுரக் கலசத்தில் தானியம் வைப்பது ஊருக்கு விதை காப்பாற்றத்தான் என்கிறார்களே?
(வாசகர், பண்பொழி)

ப: அந்தக் கலசத்தில் கொள்கிற விதை, நம் வயல்களில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் குடமுழுக்கின்போது பழைய தானியத்தை எடுத்துப் புதியதை இடுகிறார்களே, அந்தப் பழக்கத்தை உங்கள் அடுக்களைக்குக் கொண்டு வாருங்கள். பன்னிரண்டு ஆண்டு மட்டும் காத்திருக்க வேண்டாம்.

கே: அடுப்பே பற்ற வைக்க முடியாத நாளில் என்ன தின்பது?
(விடுதி மாணவி, ஆய்க்குடி)

ப: அவல், பொரிகடலை, வேர்க்கடலை, கருப்பட்டி, பேரீச்சம்பழம். அவலில் தண்ணீர் தெளித்துக் கருப்பட்டியைச் சீவிப் போட்டால் ஐந்து நிமிடத்தில் சாப்பாடு. கூடவே நார்த்தங்காய் ஊறுகாய். புளியங்குடிக்காரர்கள் எலுமிச்சை ஊறுகாய் என்பார்கள். அந்தப் பஞ்சாயத்தில் நான் இறங்கவில்லை. நூடுல்ஸ் பொட்டலத்தை மட்டும் நம்பாதீர்கள், அதற்கும் வெந்நீர் வேண்டும்.

கே: வாட்ஸ்அப்பில் ‘உப்பு தீரப்போகிறது’ என்று வந்தால்?
(வாசகர், சாம்பவர்வடகரை)

ப: 2016 நவம்பரில் வட இந்தியாவில் அந்த வதந்தியை நம்பிக் கடைகளில் அடிதடியே நடந்தது. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டுக்கு உப்பு விளைவிக்கிற தூத்துக்குடி நமக்கு எட்டின தூரத்தில் இருக்கிறது. நீங்களும் பயந்தால் கடல் சிரிக்கும்.

கே: 2025 மே மாதம் போர்ப் பதற்றத்தில் என் தம்பி ஐந்து மூட்டை அரிசி வாங்கிப் போட்டான். சரியா?
(வாசகர், கடையநல்லூர்)

ப: இருப்பு தாராளமாக இருக்கிறது, முண்டியடிக்காதீர்கள் என்று அப்போதே ஒன்றிய அரசு சொன்னது. பீதியில் வாங்கினால் விலை ஏறும். ஏறிய விலை முதலில் விழுவது அன்றாடக் கூலிக்காரர் தலையில். வியாபாரி பதுக்கினால் பிடிக்க 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் இருக்கிறது. தம்பிக்குச் சட்டம் தேவையில்லை, அண்ணன் நீங்கள் இருக்கிறீர்கள். கடையில் கூட்டமில்லாத மாதத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

கே: தாத்தா காலத்திலேயே சிங்கப்பூர் வந்துவிட்டோம். எங்களுக்கும் ஒரு வார்த்தை?
(கடையநல்லூர் வம்சாவளி வாசகர், சிங்கப்பூர்)

ப: உங்கள் ஊர்க்காரர்கள் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய ஆண்டு 1941. அடுத்த ஆண்டே, பிப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே சோறானது. அந்தத் தேதியை அந்த நாடு இன்றும் முழுமைத் தற்காப்பு தினமாக நினைவுகூர்கிறது. அரிசி இறக்குமதி செய்கிறவர் இத்தனை இருப்பு வைத்தே ஆக வேண்டும் என்று சட்டமும் வைத்திருக்கிறது. 2020 பிப்ரவரி 7ஆம் தேதி கொரோனா எச்சரிக்கையை ஆரஞ்சுக்கு உயர்த்தியதும் கடைத் தட்டுகள் காலியானதைப் பார்த்திருப்பீர்கள். நாட்டிடம் இருப்பு இருந்தது, மக்களிடம் பொறுமைதான் தீர்ந்துபோயிருந்தது.

கே: இருட்டுக்கு என்ன ஏற்பாடு?
(வாசகர், மேக்கரை)

ப: கைவிளக்கு, தனியாக எடுத்து வைத்த பேட்டரி, தீப்பெட்டியைப் பாலித்தீனில் சுற்றி ஒன்று. இதுவும் இல்லையென்றால் யாழ்ப்பாணத்தாரைக் கேளுங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இறுக்கியபோது மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய், பஞ்சுத்திரி. அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். வீட்டில் பெட்ரோல் மட்டும் சேர்க்காதீர்கள்; வெள்ளம் வருமுன் தீ வந்துவிடும்.

கே: பணம் செல்போனிலேயே இருக்கிறதே?
(இளைஞர், தென்காசி)

ப: 2015 டிசம்பரில் சென்னையில் செல்போன் கோபுரங்களும் ஏடிஎம்களும் சேர்ந்தே படுத்தன. பால் பாக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும் கையில் ரொக்கம்தான் கேட்டார்கள். பத்து, ஐம்பது, நூறாகக் கொஞ்சம் தாள் பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு அன்று யாரும் சில்லறை தரமாட்டார்கள்.

கே: அம்மாவுக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால்?
(மகன், புளியங்குடி)

ப: அரிசிக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பிரித்துப் பயன்படுத்துகிற இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்கு உட்பட்ட வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். மருந்துக் கடையில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈரமணல், மேலே ஈரத்துணி. உள்ளே மருந்து குளிர்ச்சியாக இருக்கும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் எப்போதும் பத்து நாளுக்கு அதிகமாகவே கையில் இருக்கட்டும். கைக்குழந்தைக்கு வேண்டியதும், பெண்களுக்கு நாப்கினும் மருந்து வைக்கிற பையிலேயே.

கே: கருப்பாநதி அணைக்குக் கீழே இருக்கிறோம். எல்லாவற்றையும் எங்கே வைப்பது?
(விவசாயி, சொக்கம்பட்டி)

ப: மேலே. 72 அடி அணை நிரம்பி வழிகிற நாளில் கட்டிலுக்கடியில் வைத்த மூட்டை முதலில் நனையும். பரண் இருந்தால் பரண், மாடி இருந்தால் மாடி. மாட்டுக்கு வைக்கோலும் மேட்டில். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, அதைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். நனைந்த போனுக்கு ஞாபகசக்தி கிடையாது.

கே: நான் சேர்த்து வைப்பேன். சேர்க்காத பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டால் கொடுக்கத்தான் வேண்டுமா?
(வாசகர், கடையநல்லூர்)

ப: 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துப் போய்விட்டது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர். ஹெலிகாப்டர் வந்து பொட்டலம் போடுமுன்னே பக்கத்துப் புதுக்குடி மக்கள் சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள்.

அவர்கள் வீடும் வெள்ளத்துக்கு நடுவில்தான் இருந்தது. ரயிலில் இருந்தவர் யார், எந்த ஊர் என்று எவரும் விசாரிக்கவில்லை. இருப்பு இருந்தது, உலை வைத்தார்கள். நீங்கள் கேட்பதோ, தினம் முகம் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு. ஒரு படி கூடுதலாகச் சேருங்கள், இந்தக் கேள்வியே எழாது.

கே: தினம் நெய்தால்தான் எங்களுக்கு அடுப்பு. சேர்த்து வைக்கக் காசுக்கு எங்கே போக?
(நெசவாளர், கடையநல்லூர்)

ப: உங்களிடம் ‘ஒரு மாதச் சாமானை வாங்கிப் போடுங்கள்’ என்று சொல்கிறவருக்கு வெட்கம் வேண்டும். ரேஷன் அரிசியில் வாரம் ஒரு ஆழாக்கு எடுத்து வைக்க முடிந்தால் வையுங்கள், கால் கிலோ பொரிகடலையும். முடியாவிட்டால் உங்கள் மேல் பழியில்லை.

மிச்சம் ஊர் பார்க்க வேண்டும். ரமலானில் தெருவுக்கே நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற அண்டாக்கள் உங்கள் பள்ளிவாசல்களில் இருக்கின்றன. கோயில்களில் கொடைக்குச் சோறு வடிக்கிற கொப்பரைகள் இருக்கின்றன. ஐப்பசி பிறக்குமுன் ஜமாஅத்திலும் கோயில் கமிட்டியிலும் போய்க் கேளுங்கள்: இரண்டு மூட்டை அரிசி, ஒரு மூட்டை பருப்பு, விறகு, மூடியோடு நாலு டிரம் தண்ணீர், தெருவின் பெயரில். தனியாகப் போகாதீர்கள், பத்து பேராகப் போங்கள். சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அன்றைக்கே பேசி முடியுங்கள்.