மூக்கு ஒன்று, சம்பளம் இரண்டு

வேலையின் கஷ்டம், படிப்பு, பொறுப்பு என்று கூலி வேறுபடுவதற்கான காரணங்களை 1776இலேயே அடுக்கிவிட்டார் ஆடம் சிமித். பாவம், மனுசன் வன்னிப் பக்கம் வரவில்லை.

இலங்கையில் போர் முடிந்தபின், வன்னியின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முன்பள்ளி ரீச்சர்மார் இரண்டு வகையாக இருந்தார்கள். மாகாணக் கல்வித் திணைக்களத்தின் ரீச்சருக்குச் சம்பளமே இருக்கவில்லை, ‘கொடுப்பனவு’தான், மாதம் சில ஆயிரம் ரூபாய். பாதுகாப்பு அமைச்சின் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் சேர்ந்தவருக்கோ அப்போது 30,000 ரூபாயை ஒட்டிக் கிடைத்தது. இருவரும் சொல்லிக்கொடுத்தது அதே ஆனா ஆவன்னா; துடைத்தது அதே சளி மூக்கு. நாலு வயதுப் பிள்ளையின் மூக்குக்கும் தேசியப் பாதுகாப்புக்கும் இருக்கும் தொடர்பு சிமித்துக்கு எங்கே விளங்கப்போகிறது?

சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் இதே கணக்குத்தான். முன்னாள் போராளி மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டினாலும், சம்பளப் பட்டியலில் அவர் பாதுகாப்பு ஊழியர்.

“அங்கே போய்ச் சேராதேயுங்கோ!” என்று மேடையில் முழங்கிய அரசியல்வாதிகளின் குரல் வளத்துக்குக் குறைவில்லை. அதே சம்பளத்துக்கு வேறு எங்கே போவது என்பதை மட்டும் சொல்ல மறந்துபோனார்கள். மேடையில் நேரம் போதாதுதானே. வங்கிக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சேர்ந்தவரின் சம்பளச் சீட்டைப் பார்த்தார், லோன் கொடுத்தார். தவணை முடியும்வரை வேலையை விடுகிற பேச்சுக்கே இடமில்லை.