நாள் தவறாத எழுத்தாளருக்கு

ஐயா, உங்களிடம் உள்ள ஒழுங்கைத் தமிழ் எழுத்தாளர் வேறு எவரிடமும் நான் கண்டதில்லை. விடிந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் உங்கள் நாவலின் அட்டை. பத்து மணிக்கு முகநூலில் நாவலிலிருந்து ஒரு வரி, பின்னால் மலையோ கடலோ. மாலையில் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நிற்கும் வாசகரின் படம். இரவு, வாங்குவதற்கான சுட்டி. மழைக்கு மின்சாரம் போன நாளிலும் இது நின்றதில்லை. நண்பர் ஒருவரின் தந்தை இறந்த செய்திக்குக் கீழே ஆறுதல் எழுதியபோதுகூட, அவரைப் போன்ற ஒரு பெரியவர் உங்கள் நாவலின் பதினேழாம் அத்தியாயத்தில் வருவதை எடுத்துச் சொன்னீர்கள். அந்த இடத்தில் எனக்கெல்லாம் அது நினைவுக்கு வந்திருக்காது.

சென்னைப் புத்தகக் காட்சியிலும் உங்களைப் பார்த்தேன். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஊரே அரங்கு அரங்காக நுழைந்து, பத்து சதவீதக் கழிவில் பை நிறைய வாங்கிக்கொண்டு போனது. நீங்கள் உங்கள் பதிப்பாளரின் அரங்கு வாசலை விட்டு அசையவில்லை. பக்கத்து அரங்கில் புதிதாக எழுத வந்த பெண் ஒருவரின் கவிதைத் தொகுப்பு, நீங்கள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. அதுகூட உங்கள் கவனத்தைக் கலைக்கவில்லை.

முன்பெல்லாம் ஆயிரம் படி அச்சடித்துவிட்டு, அவை தீர வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். இன்று வேண்டும்போது ஐம்பது, நூறு என்று அடித்துக்கொள்ளலாம். இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்தியவர் நீங்கள்: மூன்றே வாரத்தில் நான்காம் பதிப்பு. முதல் பதிப்பையும் நான்காம் பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் காலமான மாமா ஒன்பதாம் அத்தியாயத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், இரண்டு பதிப்பிலும். எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாத உறுதி உங்களுடையது.

புத்தகத்தை விற்க எழுத்தாளன் கூசக் கூடாது என்பதில் நான் உங்கள் கட்சி. சீவக சிந்தாமணியை 1887-இல் வெளியிட்ட உ.வே.சாமிநாதையர், அச்சுச் செலவுக்காக முன்கூட்டியே கையொப்பக்காரர்களைத் திரட்டியவர். பாரதியார் 1920-இல், தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படி அச்சிடத் திட்டம் போட்டு, கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விட்டவர். ஆனால் ஐயருக்குச் சுவடியோடு சுவடி ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையிலேயே ஆண்டுகள் போயின. பாரதியாரோ 40 நூலுக்கு ஆகும் அளவு எழுதிவிட்டு அல்லவா விற்கக் கிளம்பினார்! அந்தப் பாரம் எதுவும் இல்லாமல், ஒரே நாவலை வைத்து ஆண்டின் எல்லா நாளையும் நிரப்பும் திறமை அந்த இருவருக்கும் வாய்க்கவில்லை.

உங்கள் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தபோது ஸ்டேட்டஸ் இல்லை, சுட்டி இல்லை. கிளை நூலகத்தில் தற்செயலாகக் கையில் கிடைத்தது. கணவர் கொண்டுவந்த சில்லறையை இரவில் இனம் பிரித்து அடுக்குவாளே ஒரு பேருந்து நடத்துநரின் மனைவி, அவளை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் கதையைப் பலருக்கும் படிக்கக் கொடுத்தேன். யாரும் என்னை டேக் செய்து கேட்கவில்லை. அவளை எழுதிய அதே கைதான் இன்று தினமும் இவ்வளவு பேரை அலுக்காமல் டேக் செய்கிறது என்று நினைக்கும்போது, அதன் உழைப்பை வியக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த நாவலின் அட்டையைப் பார்த்தேன், அழகாக இருக்கிறது. வெளியீட்டுக்கு அரங்கம் பேசியாகிவிட்டது, வாழ்த்துரைக்கு மூன்று பேர் இசைந்துவிட்டார்கள், முன்பதிவும் திறந்துவிட்டீர்கள். முதல் அத்தியாயம் இன்னும் தொடங்கவில்லை என்று நீங்களே நேர்காணலில் மனம் திறந்து சொன்னீர்கள். நான் முன்பதிவுப் பணத்தை அனுப்பிவிட்டேன். பத்து ஆண்டு ஆனாலும் திருப்பிக் கேட்க மாட்டேன், ஐயா. எழுதி முடித்துவிட்டு அனுப்புங்கள்.