வயசு 18, கையில பதினஞ்சாயிரம்

வாடா பேராண்டி, இப்படி வந்து குந்து. அந்த நோட்டீசை இன்னொரு தடவை படி, காதுக்கு எதமா இருக்கு. "ஹிப்னோதெரபிஸ்ட் பயிற்சி. சனி, ஞாயிறு ரெண்டே நாள். கல்வித் தகுதி தேவையில்லை. 18 வயது நிரம்பியிருந்தால் போதும். கட்டணம் 15,000. சர்வதேசச் சான்றிதழ் உண்டு." ஆகா! வெள்ளிமலையில பஸ்சு ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி போய்ச் சேரவே உனக்குத் தலை சுத்தும். அந்தக் கெறக்கத்தோட போய் உக்காந்து ரெண்டு நாள்ல மனுசன் மனசை மொத்தமா கத்துக்கிட்டு வந்துடுவ. சேந்துடுடா. நம்ம வம்சத்துல இவ்ளோ சுருக்கா ஒருத்தனும் வைத்தியர் ஆனதில்ல.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும். நம்ம ஊர்ல உடுக்கை அடிச்சு சாமி எறக்குற பூசாரி இருக்காரே, அவருக்கே இதைவிடக் கெடுபிடி ஜாஸ்திடா. பெரியவரு பக்கத்துல வருசக்கணக்குல கைகட்டி நிக்கணும். வெரதம் இருக்கணும். வாக்கு பொய்ச்சா மறுநாளும் அதே தெருவுலதான் நடந்து போகணும். உன் நோட்டீஸ்காரரு ஞாயித்துக்கெழம சாயங்காலமே பெட்டி கட்டிடுவாரு. அந்தமட்டுக்கும் அவரு புத்திசாலி.

சர்க்காரு அனுமதி இருக்குங்கறியா? இருக்குதுதான், நான் மறுக்கல. 2003 நவம்பர் 25ஆந் தேதி மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கெல்லாம் ஒரு கடுதாசி போட்டுச்சு. மாற்று வைத்தியம்னு கடை விரிச்ச பலதையும் ஒரு கமிட்டி அலசிப் பாத்து, தனி மருத்துவ முறைன்னு அங்கீகாரம் கெடையாதுன்னு தள்ளிடுச்சு. அக்குபஞ்சரும் ஹிப்னோதெரபியும் மட்டும் அன்னிக்குக் கொஞ்சம் தப்பிச்சுதுங்க. அதுவும் தனி மருத்துவமா இல்ல, சின்ன சிகிச்சை முறையா. பதிவு பெற்ற மருத்துவரு செய்யலாம், இல்லாட்டி தகுந்த பயிற்சி உள்ளவங்க செய்யலாம். அங்கீகாரமில்லாத துறையில டிகிரி, டிப்ளமோ குடுக்கக் கூடாது, பேருக்கு முன்னால டாக்டருன்னு போட்டுக்கக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. "தகுந்த பயிற்சி"ன்னாங்களே, அந்தச் சந்துலதான் உன் ஆளு மாட்டு வண்டியே ஓட்டிக்கிட்டு இருக்காரு.

எஸ்டெயிலைப் பத்தி ஏதோ வீடியோவுல சொன்னாங்கன்னு குதிச்சியே, அதையும் பாப்போம். 1845ல வங்காளத்துல, ஹூக்ளியில இருந்த வெள்ளைக்கார டாக்டரு. மயக்க மருந்து வராத காலம். கையை மேலாக்க அசைச்சு அசைச்சு, மணிக்கணக்குல ஆளை அசத்திப் போட்டு, பெரிய பெரிய கட்டியை அறுத்து எடுத்தாரு. மறுவருசம் கல்கத்தாவுல அவருக்குன்னு ஆஸ்பத்திரியே குடுத்தாங்க. எல்லாம் நெசம். ஆனா அந்த மனுசன் கத்தி புடிக்கப் படிச்சுட்டு, அப்புறமா கை அசைக்க வந்தவரு. உனக்குக் கை அசைக்க மட்டும் சொல்லித் தரப் போறாங்க.

நேர்வழி வேணுமா? கேட்டா கொட்டாவி விடுவ. சைக்காலஜியில பட்டம், அதுக்கு மேல முதுகலை, அதுல 55 சதவீத மார்க்கு, நம்மள மாதிரி பழங்குடிக்கு 50. அப்புறம் ரெண்டு வருசம் ஆஸ்பத்திரியில நோயாளிங்களோடயே கெடந்து, பெரியவங்க மேற்பார்வையில கத்துக்கிட்டு, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்ல பேரைப் பதியணும். கிளினிக்கல் சைக்காலஜி எம்.பில்.னு பேரு. 2022ல யூ.ஜி.சி. எம்.பில்.லையே நிறுத்திட்டு, இந்தப் படிப்புக்கு மட்டும் 2025-26 வரைக்கும் கெடு குடுத்துச்சு. இனிமே எந்தப் படிப்பு செல்லும்னு அந்தக் கவுன்சில் பட்டியல்ல பாத்துட்டுச் சேரு. இல்லாட்டி நம்ம சிறுவங்கூர்ல 2022 ஜனவரியில தொறந்தாங்களே மெடிக்கல் காலேஜு, அங்க டாக்டருக்குப் படி. கடுக்கா பொறுக்குற கையாச்சேன்னு கூச்சப்படாத, சித்த வைத்தியத்துலயும் வாசல் இருக்கு. சிறப்பு மருத்துவம்னு மேல்படிப்பு படிச்சவரையும் 2017 மனநலச் சட்டம் மனநல வல்லுநர் வரிசையில சேத்திருக்கு. இதுல ஒண்ண முடிச்சுட்டு, அதுக்கு மேல ஹிப்னாசிஸ் படிச்சா அது ஒரு கூடுதல் கைவேலை.

எதுக்கு இவ்ளோ சுத்துங்கற. நோட்டீசுல அடுத்த வரியைப் படி. "ஒரே சிட்டிங்கில் குடியை நிறுத்தலாம்." 2024 ஜூன்ல கருணாபுரத்துல வெசச் சாராயத்துக்கு அறுபது பேருக்கு மேல பறிகொடுத்த ஊருல, இப்படி அச்சடிக்க ஒரு நெஞ்சழுத்தம் வேணும்டா. தெனம் முட்டக் குடிச்சவன் திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உசுரே போகலாம். அவனுக்குக் கட்டிலும் மருந்தும் டாக்டரும் வேணும். நீ "ஒங்க கண்ணு கனக்குது"ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு அனுப்பிச்சா, ராத்திரி அவன் பொண்டாட்டி யார் கதவைத் தட்டுவா? தலைவலின்னு வர்றவனுக்கு மண்டைக்குள்ள கட்டி இருக்கலாம். காதுல யாரோ பேசுறாங்கன்னு வர்ற புள்ளைக்கு, மயக்க வெச்சா நோவு கூடவும் செய்யலாம். யாரை மயக்கக் கூடாதுன்னு கத்துக்கத்தான்டா அத்தனை வருசம்.

முன்ஜென்மம் பாக்குறது தனிக் கட்டணமாமே? அது எனக்குப் புடிச்சிருக்கு. 1976ல சர்க்காரு எடுத்துக்கற வரைக்கும் இந்த மலை மூணு ஜாகீரா இருந்துச்சு, சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன்னு. நீ கண்ணை மூட வெச்சா நம்ம ஊரே போன ஜென்மத்துல ஜாகீர்தாரா இருந்திருக்கும் பாரு. அவங்க காட்டுல வெட்டி வேலை செஞ்சவன் ஒருத்தன் கூட வெளிய வர மாட்டான். கேக்கறவன் தூண்டுற கதையை மனசு நெசம்னு ஜோடிச்சுக் குடுத்துடும், அதான் சூட்சுமம்.

வெளிநாட்டுலயும் ஒரே மாதிரி இல்ல. இஸ்ரேல்ல 1984லயே சட்டம் போட்டு, டாக்டரு, பல் டாக்டரு, சைக்காலஜிஸ்ட்டு, இவங்கதான்னு கட்டிட்டாங்க. இங்கிலாந்துல மேடையில ஆளை மயக்கி வேடிக்கை காட்ட 1952ல சட்டம் வந்துச்சு, அதே ஆளை அறைக்குள்ள வெச்சு வைத்தியம் பாக்க யாருக்குத் தகுதின்னு சட்டம் இல்ல. வெள்ளைக்காரனுக்கும் நம்மளப் போலக் குசும்பு உண்டு.

சரி, அந்த நம்பருக்குப் போனைப் போடு. ஸ்பீக்கர்ல வை, நானும் கேக்கறேன். "மயக்கினவனுக்கு வலிப்பு வந்தா என்ன பண்ணணும்னு சனிக்கெழம சொல்லித் தருவீங்களா, ஞாயித்துக்கெழமயா?"ன்னு மட்டும் கேளு. பாட்டி பக்கத்துல இருக்கும்போது பேசாத. நீ பாஸானதும் மொத நோயாளி நான்தானாம், என் பொகையிலைய நிறுத்திடுவாளாம். என் சம்மதம் இல்லாம வைத்தியம் பாக்கக் கூடாதுன்னு அந்த 2017 சட்டத்துலயே போட்டிருக்குடா. நான் குடுக்கப் போறதில்ல.