ஒரு வருஷம்தானே!

ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலைக்கு வயது வரம்பு உண்டு. காவலர் தேர்வுக்கும் உண்டு. நீட் தேர்வுக்குக் கிடையாது. பதினேழு வயது நிரம்பினால் போதும். மேல்வரம்பை 2022-இல் எடுத்துவிட்டார்கள். எத்தனை முறை எழுதினாய் என்றும் யாரும் கேட்க மாட்டார்கள். பேரனும் தாத்தாவும் ஒரே ஆட்டோவில் தேர்வு மையத்துக்குப் போய் வரலாம், செலவு மிச்சம். அரசாங்கம் இத்தனை தாராளமாக நடந்துகொள்ளும் இடத்தில் பக்கத்திலேயே ஒரு கல்லாப்பெட்டி இருக்கும், தேடிப் பாருங்கள்.

2024-இல் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம், அதிலும் ஏறத்தாழ பாதி தனியார் கையில். ஆக, முடிவு வெளியாகும் ஜூன் மாதத்தில் இருபது லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் ஒரே விவாதம்: மறுபடி எழுதுவதா, வேண்டாமா?

விவாதம் என்றால் பெரியப்பா தலைமையில். சித்தப்பா துபாயிலிருந்து வீடியோ காலில். தண்ணீர் கேன் விஷயமாக வந்த எதிர்வீட்டுக்காரருக்கும் ஓட்டுரிமை உண்டு. தேர்வெழுதிய பெண்ணுக்கு மட்டும் கிடையாது. அவள் காபி கொண்டுவரலாம். “ஒரு வருஷம்தானே கண்ணு, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்” என்பார் பெரியப்பா. பதினெட்டு வயதில் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு நீளம் என்பதை அவர் மறந்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும். “நர்சிங் சேரட்டுமா?” என்று அவள் கேட்டுவிட்டால் பேச்சு சட்டென்று நின்றுபோகும். அதே பெரியப்பா போன மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவு முழுக்க முழித்திருந்து பார்த்துக்கொண்டது எந்த டாக்டரும் இல்லை, ஒரு நர்ஸ்தான். அது வேறு கணக்கு.

எல்லோரும் சேர்ந்து அந்தப் பெண்ணிடம் கேட்பது அவளுடைய மனஉறுதியைப் பற்றி: “உன்னால முடியுமா?” கேட்க வேண்டிய கேள்வி இதுவே இல்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையைப் புரட்டினால் தெரியும். தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்து மறுபடி முயன்றவர்கள் 2016-17-இல் 12.47 சதவீதம், 2020-21-இல் 71.42 சதவீதம். அதாவது, நீட்டுக்கு முன்னால் நூற்றுக்கு எண்பத்தேழு பேர் பள்ளியிலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போனார்கள். பிறகு அப்படிப் போகிறவர்கள் முப்பதைக்கூடத் தொடவில்லை. பத்தில் ஏழு பேர் இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் உள்ளே நுழைகிறார்கள் என்றால், முதல் தடவை நடப்பது வெறும் ஒத்திகை. மறுபடி எழுதுவதை விடாமுயற்சி என்று மேடையில் புகழாதீர்கள். அது நுழைவுக் கட்டணம். பணத்தில் ஒரு பகுதி, வயதில் ஒரு பகுதி.

அந்தக் கட்டணத்தை யாரால் கட்ட முடியும்? ஒரு வருஷம் சம்பாதிக்காமல் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்குச் சோறு போட்டு, விடுதியில் தங்க வைத்து, லட்சக்கணக்கில் பயிற்சிப் பணமும் கட்டக்கூடிய குடும்பத்தால் முடியும். லோடு ஏற்றுகிறவரின் மகளுக்கு அந்த ஒரு வருஷத்துக்குள் மூன்று வரன் வந்துவிடும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நல்ல காரியம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளத்தை வரவிட்டுப் படகு கொடுத்தவருக்குப் பாராட்டு விழா எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

நாமக்கல்லை மறக்கலாமா? ஒரு காலத்தில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்து, 1,200-க்கு 1,190 வாங்க வைத்த ஊர். பிராய்லர் பள்ளிகள் என்று நாம்தான் பெயர் வைத்தோம், பிறகு நாம்தான் வரிசையில் நின்று பிள்ளைகளைச் சேர்த்தோம். நீட் வந்தால் மனப்பாடம் ஒழியும், கல்வி வியாபாரம் ஒழியும் என்றார்கள். ஒழிந்தது பழைய பெயர்ப்பலகை மட்டும். ‘லாங் டெர்ம்’, ‘ரிப்பீட்டர் பேட்ச்’, ‘க்ராஷ் கோர்ஸ்’ என்று புதுப் பலகை ஏறியது. 2019 அக்டோபரில் நாமக்கல்லில் நீட் பயிற்சியும் நடத்தும் ஒரு கல்விக் குழுமத்தில் வருமான வரித் துறை சோதனை போட்டபோது, ரொக்கமாகவே 30 கோடி ரூபாய் அகப்பட்டது. மனப்பாடம் செய்த பணம் அல்ல. எண்ணிப் பார்த்த பணம்.

தகுதி, தகுதி என்று ஒரு மந்திரம் ஓதுகிறார்களே, அதையும் பார்ப்போம். 2024-இல் பொதுப் பிரிவில் 600 வாங்கியவர்கள் அரசுக் கல்லூரி இடம் கிடைக்காமல் அழுதார்கள். அதே ஆண்டு அதே பிரிவில் ‘தகுதி’ மதிப்பெண் 720-க்கு 162. நூற்றுக்கு இருபத்திரண்டரை. 162 வாங்கியவருக்கு வருஷம் இருபது லட்சத்துக்கு மேல் கட்ட ஒரு அப்பா இருந்தால், நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்குள் அவர் தலைநிமிர்ந்து நுழையலாம். 600 வாங்கிய ஏழைக்கு லாங் டெர்ம். இன்னும் மேலே போங்கள்: முதுநிலை இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று 2023 செப்டம்பரில் முதுநிலை நீட்டின் கட்-ஆஃபை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்யம் பர்சென்டைல் ஆக்கினார்கள். தேர்வு மையத்துக்கு வழி தெரிந்திருந்தாலே தகுதி வந்துவிடும்.

இந்தத் தேர்வை எழுதப் போகிற பெண்ணிடம் தோட்டைக் கழற்றச் சொல்வார்கள், கொலுசைக் கழற்றச் சொல்வார்கள். முழுக்கைச் சட்டை கூடாது, ஷூ கூடாது. இத்தனை சோதனைக்கும் நடுவே 2024-இல் வினாத்தாள் பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் கசிந்தது. அதற்குத் தோடும் கொலுசும் தேவைப்படவில்லை. 67 பேர் 720-க்கு 720. நேரம் குறைந்துபோனதென்று 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண். பிறகு அந்தக் கருணையும் திரும்பப் பெறப்பட்டது. நாடு தழுவிய மறுதேர்வு கேட்டு வழக்குப் போட்டார்கள். தேர்வின் புனிதம் மொத்தமாகக் கெட்டதற்குச் சான்றில்லை என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தேர்வு நடத்தியவர்கள் மறுதேர்வு வைக்க வேண்டியதில்லை. எழுதியவர்கள்தான், தங்கள் சொந்தச் செலவில், வருஷா வருஷம் மறுதேர்வு எழுத வேண்டும்.

சரி என்று 2025-இல் மறுபடி எழுதியவர்கள் என்ன கண்டார்கள்? இயற்பியல் தாள் புரட்டிப் போட்டது. இந்தியாவிலேயே முதலிடம் பெற்றவர் எடுத்தது 686. முந்தின வருஷம் அதே 686-ஐ வாங்கியிருந்தால் அகில இந்திய வரிசையில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பின்னால் நின்றிருப்பார். அளக்கிற கோலே வருஷத்துக்கு ஒரு நீளம். குட்டையாகிப் போனாள் என்று பெரியப்பா பெண்ணைத்தான் பார்க்கிறார்.

நம் கட்சிகள்? 2017-இல் விலக்கு மசோதா அனுப்பினார்கள், திரும்பி வந்தது. 2021-இல் அனுப்பினார்கள், ஆளுநர் திருப்பினார், மறுபடி நிறைவேற்றினார்கள், குடியரசுத் தலைவர் நிராகரித்ததாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவித்தார்கள். நீட்டை ஒழிக்கும் ரகசியம் தெரியும் என்று தேர்தல் மேடையில் சொன்னவர்கள் அந்த ரகசியத்தைக் கட்டிக் காத்தது போல வினாத்தாளைக் காத்திருந்தால் ஹசாரிபாக் நடந்தே இருக்காது. பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் வாங்கியும் நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர்ப் பெண் 2017 செப்டம்பர் 1 அன்று இறந்தபோது இரு தரப்பும் மாலையோடு வந்தன. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அறிக்கை வருகிறது. சட்டசபையும் ஒரு ரிப்பீட்டர் பேட்ச்தான்; விடுதிக் கட்டணம் மட்டும் நாம் கட்டுகிறோம்.

எழுதலாமா என்று என்னிடமும் கேட்கிறார்கள். வீட்டில் வசதியும், பிள்ளைக்கு உண்மையான ஆசையும் இருந்தால் இன்னொரு தடவை எழுதட்டும், பாவமொன்றும் இல்லை. வட்டிக்கு வாங்கித்தான் எழுத வேண்டும் என்றால் அந்தப் பிள்ளையை அவள் கேட்ட படிப்பில் சேருங்கள். என் பேச்சை யார் கேட்கிறார்கள்? நகையை அடகு வைத்த கையோடு அப்பா பயிற்சி மையத்தின் கவுன்ட்டருக்குப் போய்விடுகிறார். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் மிகவும் மரியாதையாகப் பேசுகிறார்:

“ஒரு வருஷத்துக்குக் கட்டறீங்களா, ரெண்டு வருஷத்துக்கா சார்? ரெண்டுக்கும் சேர்த்து இப்பவே கட்டினா பத்து பர்சென்ட் சலுகை இருக்கு.”