கடல் தாண்டியும் அரக்கோணம் லைன்

1979-இல் பட்டாபிராமிலிருந்து ஒரு குடும்பம் வெளிநாடு போகிறது என்றால் தெருவே கூடக் கிளம்பும். அப்பா தொழிற்சாலையில் அனுமதிக் கடிதத்துக்கு மேசை மேசையாக நடந்தார். எதிர்வீட்டு மாமி முறுக்கு டின்னோடு வந்து பெட்டியை அவிழ்த்து மறுபடி அடுக்கினார். பக்கத்து வீட்டுக்காரர், கொழும்பில் கே. எஸ். ராஜாவைப் பார்த்தால் தன் பெயரைச் சொல்லி விசாரிக்கச் சொன்னார். இலங்கை வானொலிக்காரர்கள் எல்லோரும் கடைத்தெருவில் நின்றுகொண்டிருப்பார்கள் என்று அவருக்கு நினைப்பு. எனக்கும் தம்பிக்கும் தனிப் பாஸ்போர்ட் கிடையாது. அம்மாவுடையதில் இரண்டு பெயர்களாக ஒட்டிக்கொண்டோம்.

இத்தனையும் கொழும்பு புறக்கோட்டைக் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரிய மாமாவைப் பார்ப்பதற்கு.

எழும்பூரில் மீட்டர்கேஜ் ரயில், பாம்பன் பாலம், ராமேசுவரத்தில் 'ராமானுஜம்' கப்பல். 1964 புயலுக்கு முன்பு தனுஷ்கோடியிலிருந்தே கப்பல் போனது என்று அப்பா பாடம் நடத்த, தம்பி வாந்தி எடுத்தான். தலைமன்னாரில் இறங்கியதும் நான் வெளிநாட்டைத் தேடினேன். பெட்டி தூக்க வந்தவர் தமிழில் பேரம் பேசினார். பலகையிலும் தமிழ் இருந்தது. போதாததற்கு அப்பா தண்டவாளத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "அட, நம்ம அரக்கோணம் லைன் அகலம்டா!" என்றார். உண்மைதான். ராமேசுவரம் வரை குறுகலாக வந்த பாதை, கடலைத் தாண்டியதும் எங்கள் வீட்டுப் பின்னால் ஓடுவதைப் போல ஐந்தரை அடிக்கு அகன்றிருந்தது. எனக்கு அழுகை வந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம்?

வெளிநாடு கொழும்பில்தான் கிடைத்தது. 1977-இல் ஜெயவர்த்தனா இறக்குமதியைத் திறந்துவிட்டிருந்தார். கடைகளில் ஜப்பான் நைலான் புடவைகளும் டேப்ரிக்கார்டர்களும் குவிந்து கிடந்தன. திரும்பும்போது அம்மா ஒன்றின் மேல் ஒன்றாகப் புடவைகளைச் சுற்றிக்கொண்டு, மாமா வீட்டுச் சாப்பாட்டில் உடம்பு போட்டுவிட்டவள் போல சுங்கத்தைக் கடந்தாள். அப்பா எங்களைத் தெரியாதவர் போல நாலடி தள்ளி நடந்தார்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மாமா ஊரோடு வந்துவிட்டார். அந்தக் கடையைப் பற்றிக் கேட்டால் வேறு பேச்சை எடுப்பார். மறு ஆண்டு கப்பலும் நின்றது.

இப்போது பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா நிற்கிறது. 2024-இல் திறந்தார்கள். மருமகளுக்கு ஐ.டி. வேலை, போன கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கொழும்பு போவதை அவள் ஒரு மாலையில் கைபேசியிலேயே முடித்துவிட்டாள். நுழைவு அனுமதி, விடுதி, விமானம் எல்லாம். எதிர்வீட்டுக்குச் சொல்லவில்லை, எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் எங்களுக்குத் தெரியாது. பேரனுக்குத் தனிப் பாஸ்போர்ட், அதில் பல் முளைக்காத வயதுப் படம். பூந்தமல்லி நெரிசலைக் கடந்து மீனம்பாக்கம் சேர்ந்த நேரத்தைவிட விமானம் பறந்த நேரம் குறைவு. பெட்டி எடை கூடிவிடும் என்று மருமகள் மே மாத வெயிலில் இரண்டு ஜாக்கெட்டுகளை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். நாலடி தள்ளி என் மகன்.

பேரனுக்கு எதுவும் புதிதாக இல்லை. ஆசையாகத் தாமரைக் கோபுரத்தைக் காட்டினேன். "யூடியூப்ல இன்னும் உயரமா இருந்துச்சு தாத்தா" என்றான். புறக்கோட்டையில் மாமா கடை இருந்த தெருவைக் காட்டலாம் என்று போனேன். அடையாளம் பிடிபடவில்லை. அவன் அதற்குள் ஐஸ்கிரீம் கேட்டான்.

கோட்டை நிலையத்தில் கல்கிசைக்குக் கரையோர ரயில் ஏறியபோதுதான் பையன் விழித்தான். கதவெல்லாம் திறந்திருக்க, படியில் ஆட்கள் தொங்க, ஒருவர் கடலை விற்றுக்கொண்டே இடித்துப் போக, ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் கடல். பள்ளிக்கு வேன், மற்றதற்கெல்லாம் கார் என்று வளர்ந்தவன். வீட்டுப் பின்னால் நாளெல்லாம் வண்டி ஓடியும் அதில் கால் வைத்ததில்லை. முதல் ரயில் அவனுக்கு இதுதான்.

"தாத்தா, இந்த மாதிரி ட்ரெயின் நம்ம ஊர்ல ஏன் விடல?"

நான் வாய் திறப்பதற்குள் மருமகள் சொன்னாள்: "நம்ம ஊர்லயும் இருக்குடா கண்ணா. ஆனா அதுல போக முடியாது, ஒரே கூட்டம்."

சொல்லும்போது அவள் கையில் கம்பிகூட இல்லை. இரு பக்கத்துத் தோள்களுக்கு நடுவே இறுகி நின்றிருந்தாள், விழ இடமில்லை.